ரஸ்ஸிஃபைன்னா தமிழ்ல என்ன போடுறது? ரஷ்யமயமாக்கலா, ரஷ்யமயமாதலா?

ஒத்தையடிப்பாதை

வணக்கம் மக்கா. ஒரு சிற்றிதழுக்காக ஃபின்லாந்து வரலாறு பத்தின நீளமான இங்கிலீஷ் கட்டுரை ஒன்னை தமிழ்ல பண்ணிட்டு இருக்கேன், முக்கால்வாசி முடிஞ்சுது, ஆனா ஒரே ஒரு வார்த்தை மூணு நாளா தொண்டையில சிக்கின மீன்முள்ளு மாதிரி நிக்குது. ரஸ்ஸிஃபை.

எங்கெங்க வருதுன்னு சொல்லிடுறேன், அப்பதான் என் கஷ்டம் புரியும். முதல் இடம்: 1809ல இருந்து ஃபின்லாந்து ஜார் கையில இருந்தாலும் அதுக்குன்னு தனிச் சட்டம், தனி சபை எல்லாம் இருந்துச்சு, 1899 பிப்ரவரியில ரெண்டாம் நிக்கோலாய் ஒரு பிரகடனம் போட்டு அதுல கை வச்சார், அங்க இருந்து ஜார் அரசு "ஃபின்லாந்தை ரஸ்ஸிஃபை பண்ண ஆரம்பித்தது"ன்னு வருது. ரெண்டாவது இடம்: பீட்டர்ஸ்பர்க்ல தலைமுறை தலைமுறையா இருந்த "ரஸ்ஸிஃபைடு ஜெர்மன் குடும்பங்கள்". முதல் இடத்துல ஒரு அரசாங்கம் மிரட்டுற தொனி இருக்கு, ரெண்டாவதுல யாரும் யாரையும் மிரட்டல, சும்மா அந்த ஊர்க்காரங்களாவே மாறிட்டாங்க. ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை.

மூணாவது என் கட்டுரைல இல்ல. இதை கூகுள்ல தேடும்போது ஒரு கம்ப்யூட்டர் கேமோட "ரஸ்ஸிஃபைடு வெர்ஷன்" வந்து நின்னுச்சு, அதுல ஜார் எங்க வந்தார்னு புரியல.

வீட்ல இருக்குற டிக்‌ஷனரி "ரஷ்யனாக்கு"ன்னு சொல்லுது, அதைப் படிச்சா ஏதோ மந்திரவாதி ஆளை ஆட்டுக்குட்டியாக்குற மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பணும். யாராச்சும் கை குடுங்க.

கரிசல்காடு

இதுல என்ன யோசனை? ரஷ்யமயமாக்கல். தனியார்மயமாக்கல், காவிமயமாக்கல், நவீனமயமாக்கல் வரிசையில இதுவும் ஒன்னு. வினையா வேணும்னா ரஷ்யமயமாக்கினார்கள். முடிஞ்சுது, அடுத்த பாராவுக்குப் போங்க.

ஆய்த எழுத்து

நண்பருக்கு வணக்கம். முதல்ல ரஷ்யமே தப்பு. தமிழ்ல சொல்லுக்கு முதல்ல ர வராது, தொல்காப்பியம் சொன்னது, அதனாலதான் ராமன் இராமன் ஆனான், ருசியா உருசியா ஆச்சு. மயம்ங்கிறதும் வடமொழி ஒட்டு. உருசியமாக்கம்னு போடுங்க, சுத்தமாவும் இருக்கும் சுருக்கமாவும் இருக்கும். ரஷ்யாவே நம்ம மொழிக்குள்ள வரும்போது தமிழ் உடுப்பு மாட்டிட்டு வரணும்ல?

கரிசல்காடு

@ஆய்த எழுத்து அண்ணே, பாரதியாரே ருஷியான்னுதான் எழுதினார், உ போடல. உருசியமாக்கம்னு போட்டா எங்க ஊர்ல "உருசியா சமைக்கிறதா"ன்னு கேப்பாங்க 😀

ஆய்த எழுத்து

பாரதி புதுச்சேரியில உக்காந்து அவசரத்துல பத்திரிகைக்கு எழுதினவர், அவரை எழுத்திலக்கணத்துக்கு சாட்சி கூப்பிடாதீங்க. ஆனா உருசி ஜோக் நல்லாத்தான் இருக்கு, அதை ஒத்துக்கறேன்.

நேவா நதிக்கரை

லேட்டா பாத்தேன். நான் 80கள் கடைசியில லெனின்கிராட்ல இன்ஜினியரிங் படிக்கப் போனவன், படிச்சு முடிக்கும்போது ஊர் பேரு பீட்டர்ஸ்பர்க் ஆயிடுச்சு, நாடும் வேற ஆயிடுச்சு. அதனால இந்த வார்த்தையோட கொஞ்சம் பழக்கம் உண்டு, நீளமா எழுதப்போறேன், டீ போட்டுட்டு வந்து படிங்க.

ஒத்தையடி கேட்ட கேள்வி ரொம்ப சரியான கேள்வி. அந்த ரெண்டு இடமும் வேற வேறதான், இங்கிலீஷ்தான் ரெண்டையும் ஒரே சாக்குல போட்டு கட்டிடுச்சு. ரஷ்ய மொழிக்காரன் அப்படிப் பண்ணல. அவன்கிட்ட ரெண்டு வினை இருக்கு. அப்ருசேத்-ன்னா தானா ரஷ்யனா ஆகிறது. அப்ருசீத்-ன்னா இன்னொருத்தனை ரஷ்யனா ஆக்குறது. நடுவுல ஒரே ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். இதை முதல்ல கிளாஸ்ல கேட்டப்ப எங்க கூட இருந்த மத்த நாட்டுப் பசங்க எல்லாம் முழிச்சாங்க, எனக்கு மட்டும் சட்டுன்னு புரிஞ்சுது, ஏன்னா இது எட்டாங்கிளாஸ்ல தமிழய்யா அடிச்சு சொல்லிக் குடுத்த தன்வினை பிறவினைதான். திருந்து, திருத்து. அடங்கு, அடக்கு. உருகு, உருக்கு. ஆகு, ஆக்கு. அவன் திருந்தினான்னா அவனாத் திருந்தினான், அவனைத் திருத்தினாங்கன்னா யாரோ கையில பிரம்பு எடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

அதனால உங்க முதல் இடத்துக்கு ரஷ்யமயமாக்கு, ரெண்டாவது இடத்துக்கு ரஷ்யமயமான, இல்லாட்டி இன்னும் எளிமையா ரஷ்யராகிவிட்ட. ஆகு-ல ஒரு க் கூட்டினா அரசாங்கம் உள்ள வருது, எடுத்தா வெளிய போயிடுது. இங்கிலீஷ்காரனுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கு, அதை ஏன் விடணும்? உலகமயமாதல், உலகமயமாக்கல்னு ரெண்டும் நம்ம பத்திரிகைல இருக்கே, எவன் எதைப் போடுறான்னு பாத்தாலே அவன் கட்சி தெரிஞ்சிடும்ல.

ஃபின்லாந்துக்காரங்க மொழியிலயும் இதே கதைதான், வெனலாயிஸ்துவான்னா ஆகிறது, வெனலாயிஸ்தான்னா ஆக்குறது. அடி வாங்கினவங்களுக்கும் அடிச்சவங்களுக்கும் ரெண்டு பேருக்குமே ரெண்டு வார்த்தை இருந்திருக்கு, தூரத்துல இருந்து வேடிக்கை பாத்த இங்கிலீஷுக்குத்தான் ஒன்னு போதும்னு தோணிருக்கு.

இப்ப ஒரு சுவாரசியம் சொல்றேன். கேத்தரின் மகாராணி 1764ல வியாசெம்ஸ்கின்னு தன்னோட பெரிய அதிகாரிக்கு ஒரு ரகசிய அறிவுரை எழுதினாங்க. சின்ன ரஷ்யா (இன்னைக்கு உக்ரைன்ல ஒரு பகுதி), லிவோனியா (இன்னைக்கு லாட்வியா, எஸ்டோனியா பக்கம்), ஃபின்லாந்து, இந்த மாகாணங்களை எல்லாம் ரொம்ப லேசான வழிகள்ல, அவங்க ரஷ்யரா ஆகிற மாதிரியும் காட்டைப் பாக்குற ஓநாய் மாதிரி பாக்குறதை விடுற மாதிரியும் கொண்டு வரணும்னு. ஓநாய்க்கு எவ்வளவு தீனி போட்டாலும் அது காட்டைத்தான் பாக்கும்னு அங்க ஒரு பழமொழி, அதை நினைச்சு எழுதினது. கவனிக்க வேண்டியது என்னன்னா அந்தம்மா "ஆக்கு"ன்னு எழுதல, அவங்க "ஆகிற மாதிரி" பண்ணுன்னு எழுதிருக்காங்க. தன்வினை! பிரம்பு கையில இருக்கு, ஆனா வாக்கியத்துல தெரியல. நூறு வருஷத்துக்கு அப்புறம் லிதுவேனியா பக்கம் இருந்த அதிகாரிங்க அப்ருசேனியேன்னு பெயர்ச்சொல்லை ஃபைல்ல எழுதி எழுதித் தள்ளினாங்க, அந்தப் பெயர்ச்சொல்லைக் கேட்டா ஆகிறதா ஆக்குறதான்னு பிரிக்க முடியாது, அவங்களுக்கு அது வசதிதான்.

இன்னொன்னு, அந்த கேத்தரினே பிறப்புல ஜெர்மன்காரி. ஸ்டெட்டின்ல சோஃபின்னு பொறந்து பதினாலு பதினஞ்சு வயசுல ரஷ்யாவுக்கு வந்து மதம் மாறி பேரு மாறி ராத்திரி எல்லாம் உக்காந்து மொழி படிச்சு ரஷ்யாக்காரி ஆனவங்க. அதாவது தான் ஆனவங்க, மத்தவங்களை ஆக்கப் பாத்தாங்க.

இந்த ரகத்தைப் பத்தி லெனின் ஒரு வரி சொல்லிருக்கார், 1922 டிசம்பர் கடைசியில, உடம்பு முடியாம படுத்துக்கிட்டு சொல்லச் சொல்ல எழுதவெச்ச குறிப்புல. ஜார்ஜியாவை சோவியத் யூனியன்ல எப்படிச் சேர்க்கிறதுங்கிற விவகாரத்துல அவரோட கட்சிக்காரங்க ஸ்டாலின், ஓர்ஜோனிகிட்ஸே, ஜெர்ஜின்ஸ்கி மூணு பேர் நடந்துகிட்ட விதம் அவருக்குப் பிடிக்கல. முதல் ரெண்டு பேரும் ஜார்ஜியாக்காரங்க, மூணாவது ஆள் போலந்துக்காரர், ஒருத்தரும் பிறப்பால ரஷ்யர் இல்ல. ரஷ்யராகிப்போன வேத்து இனத்துக்காரங்க இந்த உண்மையான ரஷ்யன்ங்கிற விஷயத்துல எப்பவுமே உப்பு கூடப் போட்டுருவாங்கன்னு சொல்றார். அந்த வினை அப்படியே சமையல்கட்டு வார்த்தைதான், பெரெசாலிவாத், உப்பு கரிக்க வைக்கிறது. அங்க அவர் போட்டது அப்ருசெவ்ஷியே, தன்வினை எச்சம். ஆக்கப்பட்டவங்க இல்ல, ஆனவங்க. புது மாப்ளதான் மாமனார் வீட்டுப் பெருமை ஜாஸ்தி பேசுவான்னு நம்மாளுங்க சொல்ற மாதிரி.

மூணாவது கேள்வி, கேம். ரஷ்யாக்காரன்கிட்ட ருசிஃபிகாத்சியான்னு லத்தீன் வால் ஒட்டின இன்னொரு வார்த்தையும் இருக்கு, வரலாற்றுப் புத்தகத்துல அது நீங்க சொல்ற அரசியல் அர்த்தம், ஆனா சும்மா ரோட்டுல போற பையன்கிட்ட கேட்டா ருசிஃபிகாத்தர்னா கேமை ரஷ்ய மொழிக்கு மாத்துற ஒரு சின்ன ஃபைல்னு சொல்வான். திருட்டு சிடி காலத்துல அதை ஆளாளுக்குப் பண்ணினாங்க, மெஷின்ல போட்டு எடுத்த மொழிபெயர்ப்பெல்லாம் படுகாமெடி. கார் திருடுற அந்த ஃபேமஸ் கேம் இருக்குல்ல, அதுல ஹீரோ செத்தா ஸ்க்ரீன்ல "வேஸ்டட்"னு வரும், அதை ஒரு புண்ணியவான் "செலவாகிவிட்டது"ன்னு மாத்தி விட்டுட்டான், அது இன்னைக்கு வரைக்கும் அங்க மீம்.

அதுக்கும் முந்தி, நாங்க இருந்தப்ப, ருசிஃபிகாத்சியான்னா கம்ப்யூட்டரை ரஷ்ய எழுத்து காட்ட வைக்கிறது. ஃபாண்ட் ஏத்தணும், கீபோர்டு டிரைவர் ஏத்தணும். கேஓஐ-8னு ஒரு குறிமுறை (எழுத்துக்கு கம்ப்யூட்டர்ல எண் குடுக்குற முறை), எழுத்தை அகர வரிசையில அடுக்காம இங்கிலீஷ் எழுத்தோட உச்சரிப்புக்கு நேரா அடுக்கியிருப்பாங்க. ஏன்னா பழைய லைன்ல மெயில் போகும்போது எட்டாவது பிட் அறுந்துடும், அப்படி அறுந்தாலும் பெரிய எழுத்து சின்ன எழுத்து தலைகீழா மாறி இங்கிலீஷ் லிபியில ரஷ்யச் சொல் அப்படியே படிக்கிற மாதிரி வரும். நம்ம ஆளுங்க டிஸ்கி, டாம், டாப்னு ஆளுக்கொரு தமிழ்க் குறிமுறைக்காக அடிச்சுக்கிட்டு இருந்த காலத்துல இதை நினைச்சு எனக்குப் பொறாமையா இருந்துச்சு.

ஒத்தையடிப்பாதை

@நேவா நதிக்கரை சார், கையெடுத்துக் கும்பிடுறேன். மூணு நாள் தேடினது ஒரு டீ குடிக்கிற நேரத்துல கிடைச்சுது. அந்த க் விஷயம் மண்டையில சுத்தியலால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

அப்ப கேமுக்கு என்ன போடலாம்? ரஷ்யமயமாக்கப்பட்ட விளையாட்டுன்னா கேமுக்குள்ள ஜார் படை இறங்கின மாதிரி இருக்கே.

நேவா நதிக்கரை

அதுக்குத்தான் நம்மகிட்ட தமிழாக்கம்னு ஒரு சொல் இருக்குல்ல. தமிழாக்கம்னா மொழிபெயர்ப்பு, அதுல யாருக்கும் வலிக்காது. தமிழ்மயமாக்கம்னு சொல்லிப் பாருங்க, உடனே வேற வாசனை வருது, ஒரு அலுவலகம், ஒரு ஆணை, ஒரு எதிர்ப்பு ஊர்வலம் எல்லாம் கண்ணு முன்னாடி வருது. மயம்ங்கிற ஒரு சொல் நடுவுல நுழைஞ்சா ஒரு பொருளோட மொழியை மட்டும் இல்ல, அதோட ரத்தத்தையே மாத்துறதா ஆயிடுது. அதனால கேமுக்கு ரஷ்ய ஆக்கம், இல்லாட்டி பேசாம ரஷ்ய மொழிப் பதிப்பு. ஆய்த எழுத்து மயத்தை எடுக்கச் சொன்னார்ல, இதனாலதான் நான் ஒத்துக்கல. உருசியமாக்கம்னு போட்டா படிக்கிறவன் ரஷ்ய மொழிபெயர்ப்புன்னு நினைச்சிடுவான்.

ஆய்த எழுத்து

இது நியாயமான வாதம். மயத்தை விட்டுக் குடுக்கிறேன், உ-வை விட மாட்டேன்.

மணல்திட்டு

வணக்கம் எல்லாருக்கும். எங்கட பக்கம், யாழ்ப்பாணத்தில, இந்த மாதிரி சொல்லுகளோட கன காலமாப் புழங்கினதால ஒண்டு சொல்லலாம் எண்டு நினைக்கிறன். சிங்களமயமாக்கல் எண்டுதான் எங்கட பத்திரிகையள் எழுதும், சிங்களமயமாதல் எண்டு நான் வாசிச்ச ஞாபகம் இல்லை, ஏனெண்டு உங்களுக்கே விளங்கும். நேவா ஐயா சொன்ன அந்தக் க் எங்களுக்கு இலக்கணம் இல்லை.

நான் கேக்க வந்தது, ரஷ்யப்படுத்தல் எண்டு போட்டால் என்ன? மயமாக்கல் வாயில நுழையக் கஷ்டமாக் கிடக்கு.

நேவா நதிக்கரை

@மணல்திட்டு தம்பி, படுத்து நல்ல ஒட்டுதான், ஆனா தமிழ்ப்படுத்துன்னாலும் மொழிபெயர்ன்னுதானே அர்த்தம். அதே பள்ளத்துல விழுவோம். "பாடப்புத்தகத்தை ரஷ்யப்படுத்தினார்கள்"ன்னா மொழிபெயர்த்தாங்கன்னு படிச்சுட்டுப் போயிடுவாங்க.

மணல்திட்டு

ஓம், அது சரிதான். யோசிக்கேல்லை.

செம்பருத்தி

தோழர்களே ஒரு திருத்தம். ஜார் காலத்தையும் சோவியத் காலத்தையும் ஒரே சொல்லுல அடைக்கிறீங்க. 1920கள்ல சோவியத் அரசு நேர் எதிரா ஒன்னு பண்ணுச்சு, கொரெனிசாத்சியா, வேர்ங்கிற சொல்லுல இருந்து வந்தது, அந்தந்த குடியரசுல அந்தந்த மொழியில பள்ளிக்கூடம், ஆபீஸ், பேப்பர். எழுத்தே இல்லாத எத்தனையோ சின்ன மொழிகளுக்கு எழுத்து செஞ்சு குடுத்தாங்க, அதுவும் ரஷ்ய எழுத்துல இல்ல, லத்தீன் எழுத்துல. ஜார் அரசு 1863ல உக்ரைன் மொழியில மதப் புத்தகம், பாடப்புத்தகம் எல்லாம் போடக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, 1876ல அதை இன்னும் இறுக்குச்சு, லிதுவேனியா மொழியை லத்தீன் எழுத்துல அச்சடிக்க 1904 வரைக்கும் நாப்பது வருஷத் தடை. ரெண்டும் ஒன்னா? இப்ப கேத்தரினையும் லெனினையும் ஒரே பாராவுல போடுறது எனக்கு சங்கடமா இருக்கு.

நேவா நதிக்கரை

@செம்பருத்தி தோழர், லெனினை நான் திட்டல, அந்த வரிக்காக அவரை எனக்குப் பிடிக்கும். 1920கள் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் சரி. ஆனா படத்தை இன்டர்வெல்லோட நிறுத்திட்டீங்களே. அதே லத்தீன் எழுத்துக்களை 1940 வாக்குல தூக்கிட்டு கசாக், உஸ்பெக், கிர்கிஸ், அஜர்பைஜான் எல்லாத்துக்கும் ரஷ்ய எழுத்து மாட்டினாங்க. 1938ல எல்லா குடியரசுப் பள்ளிக்கூடத்துலயும் ரஷ்ய மொழி கட்டாயம்னு ஆணை. 1933ல உக்ரைன் அரிச்சுவடியில இருந்து ஒரு எழுத்தையே தூக்கினாங்க, க-வோட அழுத்தமான ஒலி ஒன்னு, ரஷ்ய அரிச்சுவடியில அந்த எழுத்து இல்லைங்கிறதால அது இருந்தா ரெண்டு மொழியும் தள்ளித் தள்ளித் தெரியுமாம். 1990லதான் அந்த எழுத்து திரும்ப வந்துச்சு. நம்ம ழ-வை ஒருத்தன் வந்து தூக்கிட்டுப் போறதா நினைச்சுப் பாருங்க.

லிதுவேனியா விஷயத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. அங்க மொழியைத் தடை பண்ணல, எழுத்தை மட்டும்தான். ரஷ்ய எழுத்துல லிதுவேனியா மொழிப் புத்தகம் அரசாங்கமே அச்சடிச்சுக் குடுத்துச்சு, ஜனம் தொடல. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரஷ்யாவுல லத்தீன் எழுத்துல அடிச்ச ஜெபப் புத்தகத்தை மூட்டை கட்டி ராத்திரியில எல்லை தாண்டிக் கொண்டு வந்தாங்க, பிடிபட்டா சைபீரியா. சாராயம் கடத்துற மாதிரி அரிச்சுவடி கடத்தியிருக்காங்க. அந்த ஆளுங்களுக்கு புத்தகம் சுமப்பவர்னே பேரு, மார்ச் 16 அவங்க நாள்.

செம்பருத்தி

1938 ஆணையை நான் மறுக்கல. ஆனா அது மொழி பரப்பல், ரஷ்யனாக்கல் இல்லைன்னு ஒரு வாதம் இருக்கு. இங்கிலீஷ்ல கூட சில ஆராய்ச்சியாளர்கள் ரஷ்ய மொழியைப் பரப்புறதுக்கு ரஷ்யனைசேஷன்னும் ஆளோட அடையாளத்தையே மாத்துறதுக்கு ரஸ்ஸிஃபிகேஷன்னும் பிரிச்சுதான் சொல்றாங்க. சோவியத் மயமாக்கல் மூணாவது.

நேவா நதிக்கரை

ஆமா, அந்தப் பிரிவினை உண்டு, காகிதத்துல நல்லா இருக்கும். ஆனா அதே சோவியத்ல 1978ல ஜார்ஜியாவோட அரசியல் சட்டத்துல இருந்து ஜார்ஜிய மொழியை ஆட்சிமொழி இடத்துல இருந்து இறக்கப் பாத்தப்ப த்பிலிசி ரோட்டுல ஜனம் எறங்கிடுச்சு, ஏப்ரல் 14. அரசாங்கம் பின்வாங்குச்சு. அந்த ஜனத்துகிட்ட போய் இது மொழிப் பரப்பல்தான், அடையாளம் மாத்துறது இல்லைன்னு சொல்லிருந்தா என்ன பண்ணிருப்பாங்க? இந்திக்கு நம்மூர்ல அதே விளக்கம் குடுத்தப்ப நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்களோ அதேதான்.

கரிசல்காடு

பேருக்குப் பின்னாடி ஓவ், எவ் ஒட்டுறதும் இதுல சேருமா? தஜிகிஸ்தான் அதிபர் ரஹ்மோனோவா இருந்தவர் 2007ல ஓவ்-வை வெட்டிட்டு ரஹ்மோன் ஆனார்னு படிச்சேன். சின்ன வயசுல லைப்ரரியில எடுத்துப் படிச்ச சோவியத் புத்தகத்துல இருந்த ஐத்மாத்தவ் எல்லாம் ரஷ்யாக்காரர்னே ரொம்ப நாள் நெனச்சிருந்தேன், அவர் கிர்கிஸ்னு காலேஜ்லதான் தெரிஞ்சுது.

நேவா நதிக்கரை

சேரும். ஐத்மாத்தவ் முதல்ல கிர்கிஸ் மொழியில எழுதிட்டு அப்புறம் ரஷ்ய மொழிக்கு வந்தவர். அவரே ஒரு நாவல்ல மான்குர்ட்டுன்னு ஒரு அடிமையைப் பத்திச் சொல்லுவார், ஞாபகத்தையே அழிச்சு பெத்த தாயைக் கூட அடையாளம் தெரியாம ஆக்கப்பட்டவன். இன்னைக்கு அந்தப் பக்கம் தாய்மொழி தெரியாத ஆளைத் திட்டணும்னா மான்குர்ட்னுதான் திட்டுறாங்க. அந்த நாவலை அவர் எழுதினது ரஷ்ய மொழியில. அவரை நீங்க ஆனவர்னு சொல்வீங்களா ஆக்கப்பட்டவர்னு சொல்வீங்களா, எனக்குச் சொல்லத் தெரியாது.

டாக்டரம்மா_பாதியில்

நான் இங்க எழுதுறது இல்ல, சும்மா படிக்கிறதோட சரி, ஆனா இதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. நான் கார்கிவ்ல மெடிசின் படிச்சவ, 2022 மார்ச்ல ஓடி வந்த கூட்டத்துல ஒருத்தி. அங்க கிளாஸ் இங்கிலீஷ்ல, ஆனா வார்டுல பேஷன்ட்கிட்ட பேச ரஷ்ய மொழிதான், கடை பஸ் எல்லாமே ரஷ்ய மொழிதான், உக்ரைன்ல இருக்கோம்ங்கிறதே போர்டுல எழுதியிருக்குறதைப் பாத்தாத்தான் ஞாபகம் வரும். ஊர் பேரே நாங்க கார்கோவ்னுதான் சொல்லுவோம், அது ரஷ்ய உச்சரிப்புன்னு எங்களுக்கு யாரும் சொல்லல.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி, எழுபது வயசுக்கு மேல, வாய் திறந்தா ரஷ்ய மொழி. ஒரு நாள் அவங்க தங்கச்சி கிராமத்துல இருந்து போன் பண்ணப்ப அவங்க பேச்சே மாறிப் போச்சு, நான் என்ன மொழின்னு கேட்டேன், சுர்ஜிக்னாங்க. கோதுமையும் கம்பு மாதிரி ஒரு தானியமும் கலந்து அரைச்ச மாவுக்கு அந்தப் பேராம், ரெண்டு மொழி கலந்த பேச்சுக்கும் அதே பேரு. அவங்க அம்மா கிராமத்துல இருந்து டிராக்டர் ஃபேக்டரி வேலைக்கு வந்தவங்களாம். வந்த புதுசுல கிராமத்துப் பேச்சைப் பேசினா கேன்டீன்ல சிரிப்பாங்களாம், நம்மூர்ல பட்டிக்காடுன்னு சொல்ற மாதிரி அங்கயும் ஒரு வார்த்தை இருக்கு. அதனால பிள்ளைங்ககிட்ட ரஷ்ய மொழியிலயே பேசி வளத்துட்டாங்க. யாரும் அடிக்கல, யாரும் சட்டம் போடல, நாங்களாத்தான் மாத்திக்கிட்டோம்னு பாட்டி சொல்லுவாங்க. சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க.

இப்ப இதுக்கு க் போடணுமா வேண்டாமா சார்? நிஜமாவே கேக்கறேன்.

நேவா நதிக்கரை

மா, இதுக்கு நான் மொதல்ல எழுதின பதில் மூணு தடவை அழிச்சுட்டேன். பாட்டி தன்னைப் பத்தி சொல்லும்போது தன்வினைதான் போடணும், அது அவங்க வாக்கியம், அதை நாம திருத்தக் கூடாது. ஆனா கேன்டீன்ல எந்த மொழிக்கு சிரிச்சாங்க எந்த மொழிக்கு சிரிக்கலங்கிறது தானா நடந்தது இல்ல. கேத்தரின் சொன்ன "ரொம்ப லேசான வழி"ன்னா இதுதான்னு இப்ப உங்க பதிவைப் படிச்சப்பதான் எனக்கே உறைச்சுது.

பாட்டி எப்படி இருக்காங்க?

டாக்டரம்மா_பாதியில்

இருக்காங்க, மேற்குல மகள்கூட. பேரன் போன்ல மெசேஜ் அனுப்புவாங்க. இப்ப உக்ரைன் மொழியிலதான் எழுதுறாங்க, தப்பும் தவறுமா, பள்ளிக்கூடத்துல படிச்சதோட சரி. எனக்குத்தான் புரியல, ரஷ்ய மொழியில கேட்டு எழுதினா பதில் மட்டும் உக்ரைன் மொழியில வருது. டிரான்ஸ்லேட்டர்ல போட்டுத்தான் படிக்கிறேன்.

செம்பருத்தி

நான் மேல எழுதினதுல ஒரு வரியையும் மாத்தல. ஆனா இந்தப் பதிவுக்கு எதிரா எழுதவும் எனக்கு ஒன்னும் இல்ல.

ஒத்தையடிப்பாதை

எல்லாருக்கும் நன்றி, கட்டுரை கிட்டத்தட்ட முடிஞ்சுது. இப்படி வந்திருக்கு, பாத்து சொல்லுங்க.

"1899க்குப் பிறகு ஜார் அரசு ஃபின்லாந்தை ரஷ்யமயமாக்க முற்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவுடன் தூதுக்குழு பீட்டர்ஸ்பர்க் சென்றது; ஜார் அவர்களைச் சந்திக்கவே மறுத்தார். 1900இல் நிர்வாகத்தில் ரஷ்ய மொழியைப் புகுத்தும் ஆணை வந்தது. 1904இல் கவர்னர் ஜெனரல் போப்ரிகோவ் ஹெல்சிங்கியில் செனட் கட்டடத்துக்குள்ளேயே சுடப்பட்டார்."

அடுத்து அந்த ஜெர்மன் குடும்பம். "பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்யராகிவிட்ட ஜெர்மன் குடும்பங்கள்"னு போட்டிருந்தேன். என் மனைவி படிச்சுட்டு ரஷ்யராகிப்போன-ன்னு போடுங்கன்னு சொல்றாங்க. நேவா சார்கூட லெனின் வரிக்கு ஆகிப்போன-ன்னுதான் போட்டிருந்தார். எது?

நேவா நதிக்கரை

வீட்ல சொன்னதைக் கேளுங்கன்னு சொல்லத்தான் ஆசை, ஆனா இங்க இல்ல. போன-ன்னா எழுதுறவனுக்கு அதுல வருத்தமோ இளக்காரமோ இருக்கு, பால் திரிஞ்சு போச்சு, பையன் கெட்டுப் போனான் மாதிரி. லெனினுக்கு இளக்காரம் இருந்துச்சு, அதனால நான் அப்படிப் போட்டேன். விட்ட-ன்னா முடிஞ்சுது, அவ்வளவுதான். உங்க கட்டுரையாளருக்கு அந்த ஜெர்மன்காரங்க மேல வருத்தம் இருக்கா?

ஒத்தையடிப்பாதை

இல்ல. அடுத்த வரியே அவங்க வீட்டுப் பியானோவைப் பத்தி.

நேவா நதிக்கரை

அப்ப விட்ட.

ஆய்த எழுத்து

உருசியராகிவிட்ட.

ஒத்தையடிப்பாதை

😀 அனுப்பிட்டேன் அண்ணே. ர-வோடதான்.